வேர்வை எப்போது வருகிறது, எங்கே வருகிறது

சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம் என்று கோவை மாவட்டத்தை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில், மாசி பிறந்துவிட்டால் வேர்க்காத ஆள் கிடையாது. கேரளம் என்றதும் வெளியூர்க்காரர்கள் மழையை நினைக்கிறார்கள். எங்கள் பக்கம் வேறு. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் விட்ட இடைவெளி வழியாகத் தமிழ்நாட்டுச் சமவெளியின் வெயிலும் காற்றும் அப்படியே உள்ளே வருகின்றன. கோடையில் பாலக்காடு மாவட்டம் 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. 2024 ஏப்ரலில் வானிலை ஆய்வு மையம் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கையே கொடுத்தது. சூளையில் செங்கல் அடுக்குபவர், தென்னை ஏறுபவர், கள் இறக்குபவர், சந்தையில் மூட்டை தூக்குபவர் என எல்லாரும் நனைந்த சட்டையோடுதான் நிற்கிறார்கள்.

இப்படி ஊரே வேர்க்கும் இடத்தில், தேவைக்கு மேல் வேர்க்கிறவர் கண்ணில் படமாட்டார். அவரே தன்னைக் கவனிப்பதில்லை. "வெயில் காலம், வேர்க்கத்தானே செய்யும்" என்ற ஒரே பதிலுக்குள் மூன்று வேறு விஷயங்கள் கலந்துபோகின்றன. வெயிலுக்கு உடம்பு தானாகக் கொட்டும் வேர்வை ஒன்று. நரம்பின் தூண்டுதல் கூடிப்போய் உள்ளங்கையிலும் பாதத்திலும் அக்குளிலும் வடியும் வேர்வை இன்னொன்று. வேறொரு நோயோ மருந்தோ விஷமோ கிளப்பிவிடுவது மூன்றாவது. முதல் வகையைத் தடுக்கவே கூடாது. இரண்டாவதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. மூன்றாவதை விட்டுவிட்டால் சில நேரம் உயிருக்கே ஆபத்து. எவ்வளவு வேர்க்கிறது என்று அளந்து இவற்றைப் பிரிக்க முடியாது. எப்போது வேர்க்கிறது, உடம்பில் எங்கே வேர்க்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

வெயிலுக்கு வருவது

மனிதத் தோலில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை எக்ரைன் என்ற வகை. உடம்பு முழுக்க இருந்தாலும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இவை மிக நெருக்கமாக இருக்கும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் அப்போக்ரைன் என்ற வேறு வகையும் உண்டு. அது பருவ வயதில்தான் வேலையைத் தொடங்கும். புதிதாகச் சுரக்கும் வேர்வைக்குப் பெரிதாக வாடை கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் வருகிறது. வளரும் பிள்ளைகளின் அக்குள் திடீரென்று வாடை அடிப்பது இதனால்தான். குளிக்காததால் என்று அவர்களைத் திட்டுவது நியாயமல்ல.

மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி ரத்தத்தின் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. சூடு ஏறினால் சுரப்பிகளுக்குச் சேதி போகும். வேர்வை வந்தால் மட்டும் உடம்பு குளிராது, அது ஆவியாக வேண்டும். மண்பானையின் வெளிப்புறம் கசிந்த நீர் காற்றில் காய்வதால் உள்ளே தண்ணீர் சில்லென்று ஆகிறதே, அதே வேலைதான் தோலிலும் நடக்கிறது. ஒரு லிட்டர் வேர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துப் போய்விடும். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வேர்வையால் அந்தப் பலன் இல்லை.

கேரள, தமிழ்நாட்டு எல்லையில் இரண்டு இடங்களை ஒப்பிட்டால் இது புரியும். தெற்கே களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் கடல் ஈரம் கலந்த காற்று. அங்கே 33 டிகிரியிலேயே உடம்பு பிசுபிசுக்கும், வேர்வை காயாது, புழுக்கம் தாங்காது. கொழிஞ்சாம்பாறையில் பங்குனி மதியம் 38 டிகிரி இருந்தாலும் காற்று வறண்டது, வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. நனையாததால் தண்ணீர் போவது தெரியாது. சாயங்காலம் சட்டையின் முதுகில் வெள்ளைக் கோடாக உப்புப் படிந்திருக்கும்போதுதான் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியவரும். கடும் வெயிலில் உடல் உழைப்புச் செய்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட வேர்வை போகும்.

வேர்வையில் தண்ணீரோடு சோடியமும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்புக் குறைந்து தலைச்சுற்றல், வாந்தி, குழப்பம் வரலாம். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர், நீர்மோர், ஓ.ஆர்.எஸ். கரைசல் எல்லாம் இதற்கு நல்லவை. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொட்டிக் குடிப்பது தவறு. ரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயம் தொடர்பான நோய் உள்ளவர்கள் உப்பின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெயிலுக்கு உடம்பு பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பழகிய உடம்பில் வேர்வை சீக்கிரமே தொடங்கும், அதிகமாகவும் வரும், ஆனால் அதில் உப்புக் குறைவாக இருக்கும். அதனால்தான் வளைகுடாவில் ஏசி அறையில் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வந்தவர் வந்த மறுநாளே தோட்டத்தில் இறங்கினால் சுருண்டுவிடுகிறார். அதிகம் வேர்ப்பது பலவீனம் என்ற எண்ணமும் இங்கேதான் பொய்யாகிறது. பழகிய உழைப்பாளிக்குத்தான் அதிகம் வேர்க்கும்.

கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் கோடையில் வெளியில் வேலை செய்பவர்களுக்கு மதியம் 12 முதல் 3 வரை ஓய்வு தர வேண்டும் என்று வேலை நேரத்தை மாற்றி உத்தரவு போடுகிறது. இதைத் தெரிந்துகொள்ளாத தமிழ்த் தொழிலாளர்கள் எல்லையோரம் நிறையப் பேர் இருக்கிறார்கள். காலையில் கோபாலபுரம் வழியாகவும் வாளையாறு வழியாகவும் வந்து மாலையில் திரும்பிப்போகிறவர்களுக்கும் இந்த உத்தரவு பொருந்தும். கேட்டு வாங்க வேண்டிய உரிமை இது.

வெயிலில் ஒருவர் உளறத் தொடங்கினால், தள்ளாடினால், மயங்கினால் அது வெப்பத்தாக்கு. உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வேர்வை நின்றுபோனால்தான் வெப்பத்தாக்கு என்று பலர் நம்புகிறார்கள். வயதானவர்களுக்கு நின்றுபோவது உண்டு, உழைத்துக்கொண்டிருந்தவருக்கு வேர்வை கொட்டிக்கொண்டேகூட இருக்கும். வேர்வையை வைத்து முடிவு செய்யாமல் நிழலுக்கு இழுத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். அந்த எண் இரண்டு மாநிலத்திலும் ஒன்றுதான்.

நரம்பினால் வருவது

கார்த்திகை, மார்கழியில் காற்று மாறிவிடும். கிழக்கிலிருந்து கணவாய் வழியாக வறண்ட காற்று இரவும் பகலும் அடிக்கும். உதடு வெடிக்கும், காலில் பித்தவெடிப்பு வரும், துவைத்த துணி அரை மணி நேரத்தில் காயும். அந்தக் காற்றிலும் ஒரு பிள்ளையின் நோட்டு உள்ளங்கை ஈரத்தில் நனைந்திருந்தால் வெயிலைக் காரணம் சொல்ல முடியாது. நம் ஊர்க் காலநிலையே செய்து காட்டும் பரிசோதனை இது. பெற்றோர் கவனித்தால் போதும்.

மருத்துவம் இதை ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்கிறது. இதில் சுரப்பிகளில் குறை எதுவும் இல்லை. எண்ணிக்கையும் கூடவில்லை, அளவும் பெருக்கவில்லை. அவற்றை இயக்கும் நரம்புதான் கூடுதலாகத் தூண்டுகிறது. உள்ளங்கையும் பாதமும் வெப்பத்தைவிட மனத்தின் நிலைக்குத்தான் அதிகம் வேலை செய்பவை. கவனம் கூடினால், பதற்றம் வந்தால், எல்லாருக்கும் அங்கே லேசாக ஈரம் வரும். சிலருக்கு அந்தத் தூண்டுதல் சிறு காரணத்துக்கே பாய்ந்துவிடுகிறது, காரணமே இல்லாமலும் பாய்கிறது. நாம் நினைக்காமலே உடம்பை இயக்கும் சிம்பதெடிக் நரம்புகள் உடம்பில் மற்ற இடங்களில் பெரும்பாலும் நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தை வைத்துச் சேதி சொல்கின்றன. வியர்வைச் சுரப்பியிடம் மட்டும் அசிடைல்கோலின் என்ற வேறொன்றை வைத்துச் சொல்கின்றன. இந்த ஒரு பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து விஷமும், பொட்டாக்ஸ் ஊசியும், வேர்வை மாத்திரையும் எப்படி வேலை செய்கின்றன என்பது இந்த ஒன்றிலேயே அடங்கியிருக்கிறது.

இது நோயா, வெறும் சுபாவமா என்று டாக்டர்கள் முடிவு செய்யும் விதம் எளிமையானது. வெளிப்படையான காரணம் இல்லாமல் குறிப்பிட்ட இடங்களில் ஆறு மாதத்துக்கு மேல் அதிகம் வேர்க்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு சில கேள்விகள். இரண்டு பக்கமும் ஒரேபோல வேர்க்கிறதா? வாரம் ஒரு முறையாவது வருகிறதா? 25 வயதுக்கு முன்பே தொடங்கியதா? குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா? அன்றாட வேலையைக் கெடுக்கிறதா? தூக்கத்தில் நின்றுவிடுகிறதா? இவற்றில் இரண்டுக்காவது ஆமாம் என்றால் இந்த வகைதான் என்று எடுத்துக்கொள்வார்கள். கடைசிக் கேள்வி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பகலெல்லாம் சொட்டிய கை பிள்ளை தூங்கியதும் காய்ந்திருக்கும். அம்மா ஒருமுறை தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இது அரிதான ஒன்றும் அல்ல. அமெரிக்காவில் 2004-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு மக்களில் 2.8 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாகச் சொன்னது. 2016-இல் வந்த இன்னொன்று 4.8 விழுக்காடு என்றது. பாதிக்கப்பட்டவர்களில் நிறையப் பேர் டாக்டரிடம் சொன்னதே இல்லை என்பதும் அந்த ஆய்வுகளில் தெரியவந்தது. அங்கேயே அப்படி என்றால், ஊரே வேர்க்கும் எங்கள் பக்கம் எத்தனை பேர் வாயைத் திறந்திருப்பார்கள்?

வீட்டில் இதற்குக் கிடைக்கும் பெயர் "பயந்த சுபாவம்". இல்லாவிட்டால் "உடம்புச் சூடு". பயந்தவன் என்ற பெயர் பிள்ளைக்குப் பெரிய தீங்கு செய்கிறது. கை வேர்க்கும் என்று கை கொடுக்கத் தயங்குவான், தயக்கத்தில் பதற்றம் கூடும், பதற்றத்தில் இன்னும் வேர்க்கும். பார்ப்பவர்களுக்குப் பதற்றம் முதலில் வந்ததுபோலத் தெரியும். பல பேருக்கு வேர்வைதான் முதலில் வந்தது, பயம் அதன் பின்னால் வந்தது. உடம்புச் சூடு என்று சொல்லி எண்ணெய்க் குளியலும் இளநீரும் கொடுப்பதில் கெடுதல் இல்லை. உள்ளங்கை நரம்பை அவை தொடாது, அவ்வளவுதான்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சின்ன விஷயம். தேர்வில் விடைத்தாள் நனைந்து மை பரவுகிறது. ஓ.எம்.ஆர். தாளில் கறுப்பாக்கிய வட்டம் கலைந்துவிடுகிறது. ரேஷன் கடையில் விரல் வைத்தால் இயந்திரம் ரேகையைப் படிக்க மறுக்கிறது, பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. தையல் வேலை செய்யும் பெண்ணின் கையில் வெளுத்த துணி கறையாகிறது. கோயிலில் பிரசாதத்துக்கு நீட்டிய கையில் திருநீறு கரைகிறது. கல்யாண மேடையில் கை பிடிக்கும் நேரத்தை நினைத்து மாதக்கணக்கில் கவலைப்படுகிற மாப்பிள்ளையும் பெண்ணும் இருக்கிறார்கள். மின் வேலை செய்பவருக்கு இது சின்ன விஷயமே அல்ல. ஈரத் தோலில் மின்சாரம் பாய்வதற்கான தடை வெகுவாகக் குறைந்துவிடும். கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் எலக்ட்ரீஷியனாகச் சேரும் பையனுக்கு உள்ளங்கை வேர்வை இருந்தால், உலர்ந்த காப்புக் கையுறையை அவன் ஒருநாளும் தவிர்க்கக் கூடாது.

வேறு எதையோ சொல்லும் வேர்வை

இதுவரை சொன்னதிலிருந்து மாறுபட்டு வந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சிறு வயதில் இல்லாமல் நடு வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது, குறிப்பிட்ட இடம் என்றில்லாமல் உடம்பு முழுக்க வருவது, ஒரு பக்கம் மட்டும் வருவது, தூக்கத்தில் வருவது: இவை நான்கும் வேறு காரணத்தைத் தேடச் சொல்கின்றன.

இரவில் கரண்ட் போய் ஃபேன் நின்றதால் வேர்ப்பது கணக்கில் சேராது. ஃபேன் ஓடும்போதே பனியனும் போர்வையும் பிழியும் அளவுக்கு நனைந்து எழுந்தால் காசநோயை நினைக்க வேண்டும். கூடவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் இருந்தால் தாமதிக்கவே கூடாது. சளிப் பரிசோதனையும் மருந்தும் இரண்டு மாநிலத்து அரசு மருத்துவமனைகளிலும் இலவசம். சிலவகை நிணநீர்ப் புற்றுநோயும் இப்படி இரவு வேர்வையோடு தொடங்கும்.

தைராய்டு அதிகம் சுரந்தாலும் உடம்பு முழுக்க வேர்க்கும். பசி இருந்தும் எடை குறையும், நெஞ்சு படபடக்கும், விரல் நடுங்கும். டாக்டர்கள் கை குலுக்கியே பார்க்கும் ஒரு வித்தியாசம் உண்டு: தைராய்டுக்காரரின் ஈரக் கை சூடாக இருக்கும், பதற்றத்தில் வேர்த்த கை சில்லென்று இருக்கும். மாதவிடாய் நிற்கும் வயதில் முகமும் கழுத்தும் குப்பென்று சூடேறி வேர்ப்பது பெண்களுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் அதற்கும் சிகிச்சை இருக்கிறது என்பதைச் சொல்ல யாரும் இருப்பதில்லை.

சர்க்கரை நோயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவருக்குச் சாப்பாடு தாமதமானால் ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கலாம். திடீர் வேர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் வரும். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவருக்கு நடுக்கமும் படபடப்பும் மறைந்துவிடும், வேர்வை மட்டும் மறையாது. அந்த மாத்திரைகள் நார்அட்ரினலின் வழியைத்தான் அடைக்கின்றன, வேர்வை வருவது அசிடைல்கோலின் வழியில். ஆகவே இவர்களுக்கு வேர்வைதான் மிஞ்சும் முக்கிய எச்சரிக்கை. வெயில் என்று நினைத்து ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டால் ஆபத்து. நீண்ட காலம் சர்க்கரை இருப்பவர்களுக்கு இன்னொரு மாற்றமும் நடக்கும். பாதத்தில் நரம்பு பழுதாகி வேர்வை நின்று தோல் வெடிக்கும், அதை ஈடுகட்ட முகமும் மார்பும் அதிகம் வேர்க்கும்.

நெஞ்சு இறுக்கத்தோடு குளிர்ந்த வேர்வை கொட்டினால் மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சு வலியே இல்லாமல் வேர்வையும் மூச்சுத் திணறலும் மட்டும் வரலாம். வாயு என்று சோடா குடித்து நேரத்தைக் கழிக்காதீர்கள். மன அழுத்தத்துக்குத் தரும் செர்ட்ராலின், ஃப்ளூஆக்ஸெடின் போன்ற மாத்திரைகளும், வலிக்குத் தரும் டிரமடாலும் வேர்வையைக் கூட்டும். இவற்றைத் தானாக நிறுத்தக் கூடாது, எழுதிக் கொடுத்தவரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. முதலமடை மாந்தோப்புகளில் பூ விடும் காலத்தில் மருந்தடிப்பு நிற்காது. கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்து தமிழ் பேசும் கூலித் தொழிலாளர்கள் அந்த வேலைக்குப் போகிறார்கள். குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் உடம்புக்குள் போனால், அசிடைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடும். அசிடைல்கோலின் தேங்கித் தேங்கிச் சுரப்பிகளை விடாமல் தூண்டும். வேர்வை ஆறாக ஓடும், எச்சில் வழியும், கண்ணீர் கொட்டும், கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கும், தசை துடிக்கும், வாந்தியும் பேதியும் வரும், கடைசியில் மூச்சு அடைக்கும். மருந்தடித்துவிட்டு வந்தவர் சாயங்காலம் அளவுக்கு மீறி வேர்த்தால் வெயிலில் நின்ற களைப்பு என்று படுக்க வைக்காதீர்கள். நனைந்த உடையைக் கழற்றி, உடம்பைச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவின் லேபிளையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். உதவுகிறவர் கையுறை போட்டுக்கொள்வது நல்லது, தோல் வழியாகவும் விஷம் ஏறும். மருத்துவமனையில் தரும் அட்ரோபின் அசிடைல்கோலினின் வழியை அடைக்கும் மருந்து. வாயும் தோலும் காய்வதையும், முக்கியமாக நுரையீரலில் சுரப்பு அடங்குவதையும் பார்த்துத்தான் அதன் அளவைச் சரிசெய்வார்கள்.

வறண்ட நிலத்தில் செந்தேள் கொட்டினாலும் இதே மாதிரி முழு உடம்பும் வேர்க்கும், கைகால் சில்லிட்டுப் போகும், வாந்தி வரும். வலி மட்டும் இருப்பதைவிட வேர்வையோடு வருவது ஆபத்தானது, இதயத்தைத் தாக்கும். மகாராஷ்டிரத்தில் மஹாட் என்ற சிறு நகரத்தில் வேலை செய்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்து இந்தத் தேள்கடியில் சாவைப் பெருமளவு குறைத்துக் காட்டினார். கிராமத்து டாக்டர் ஒருவர் கண்டுபிடித்த அந்த வழி இன்று நாடெங்கும் பின்பற்றப்படுகிறது. அவருக்கு 2022-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

என்ன செய்யலாம்

நரம்பு வேர்வைக்கு முதலில் முயல வேண்டியது அலுமினியம் குளோரைடு கரைசல். பொதுவாக 20 விழுக்காடு, மென்மையான தோலுக்கு அதைவிடக் குறைவு. வேர்வைக் குழாயின் வாயை இது அடைத்துவிடுகிறது. சோப்புக் கடையில் விற்கும் டியோடரண்டு வேறு, அது நாற்றத்தைத்தான் மறைக்கும். இந்தக் கரைசலை வாங்கிய பலர் ஒரு வாரத்தில் "எரியுது, கேக்கல" என்று தூக்கிப் போடுகிறார்கள். பெரும்பாலும் காரணம், காலையில் குளித்துவிட்டு ஈரத்தோடு பூசுவதுதான். ஈரத்தில் பட்டால் அமிலம் உண்டாகி எரிச்சல் வரும், பகல் வேர்வை அதைக் கழுவியும் விடும். இரவு படுக்கும் முன், நன்றாகத் துடைத்து, ஃபேன் காற்றில் முழுக்கக் காய்ந்த பிறகு மெல்லியதாகப் பூச வேண்டும். காலையில் கழுவிவிட வேண்டும். கட்டுக்குள் வரும்வரை தினமும், பிறகு வாரம் ஓரிரு முறை போதும். அக்குள் முடியை மழித்த அன்று பூசக் கூடாது. சிறுநீரகம் பழுதானவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். அலுமினியம் பூசினால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பேச்சு ஆய்வுகளில் நிறுவப்படவில்லை. அக்குளில் இது நன்றாகக் கேட்கும், தடித்த தோலுள்ள உள்ளங்கையில் பலன் குறைவு. முடிதிருத்தகத்தில் தேய்க்கும் படிகாரமும் அலுமினிய உப்புதான், லேசான வேர்வைக்கு மட்டும் உதவும்.

உள்ளங்கைக்கும் பாதத்துக்கும் அயன்டோபோரேசிஸ் நல்ல வழி. தட்டில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, கையை அதில் வைத்து, மிகச் சிறிய மின்னோட்டத்தைப் பாய்ச்சுவார்கள். ஒவ்வொரு முறையும் 20 முதல் 30 நிமிடம், தொடக்கத்தில் வாரம் மூன்று நான்கு முறை. கை காய்ந்த பிறகு வாரம் ஒரு முறை அளவில் தொடர வேண்டும், விட்டுவிட்டால் திரும்பி வரும். உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் எளிதாகக் கடக்கும். சமையலுக்கு ஆகாது என்று நாம் சலித்துக்கொள்ளும் போர்வெல் தண்ணீர் இந்த ஒரு வேலைக்கு நல்லது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள், உடம்பில் உலோகத் தகடு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதைச் செய்யக் கூடாது. யூடியூபைப் பார்த்து வீட்டு மின் இணைப்பில் இதைத் தானே செய்துகொள்ள நினைப்பது தற்கொலைக்குச் சமம்.

பொட்டாக்ஸ் ஊசி நரம்பு முனையில் அசிடைல்கோலின் வெளியே வருவதையே நிறுத்துகிறது. அக்குள் வேர்வைக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004-இல் ஒப்புதல் கொடுத்தது. பலன் ஆறு மாதம் அளவுக்கு நிற்கும், செலவு அதிகம், மறுபடி போட வேண்டும். உள்ளங்கையில் போட்டால் வலி கடுமை, சில வாரம் பிடிப்புத் தளரலாம். பனையும் தென்னையும் ஏறுகிறவர் அந்தச் சில வாரத்தை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

மாத்திரைகள் விஷயத்தில்தான் நம் ஊருக்கென்று தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. கிளைகோபைரோலேட், ஆக்ஸிபியூட்டினின் இரண்டும் அசிடைல்கோலினை உடம்பு முழுக்கத் தடுக்கும். பலருக்கு நல்ல நிவாரணம் கிடைக்கிறது. வாய் வறட்சி, மலச்சிக்கல், பார்வை மங்கல் வரலாம். கண் நீர் அழுத்தம் உள்ளவர்களுக்கும், பிராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் தடைபடுகிறவர்களுக்கும் ஆகாது. அதைவிட முக்கியம், உள்ளங்கையை மட்டும் காயவைக்க இவற்றுக்குத் தெரியாது. வெயிலுக்கு வர வேண்டிய வேர்வையையும் சேர்த்து அடக்கிவிடும். குளிர்நாட்டில் எழுதப்பட்ட குறிப்புகளில் இது ஒரு வரியாக இருக்கும். சித்திரை மதியத்தில் சூளையில் நிற்பவருக்கு அந்த ஒரு வரிதான் எல்லாம். பட்டதாரித் தேர்வு எழுதும் பெண்ணுக்குப் பொருந்தும் மாத்திரை அவளுடைய அண்ணனுக்கு, அவர் வயல் வேலை செய்பவராக இருந்தால், வெப்பத்தாக்கைக் கொண்டுவரலாம்.

அறுவை சிகிச்சையைப் பற்றி என் கருத்து கடுமையானது. மார்புக்குள் கேமரா விட்டு, முதுகெலும்பின் ஓரம் போகும் சிம்பதெடிக் நரம்பை வெட்டவோ கவ்வவோ செய்கிறார்கள். உள்ளங்கை அன்றைக்கே காய்ந்துவிடும், உண்மைதான். ஆனால் உடம்பு அந்த வேர்வையை முதுகிலும் மார்பிலும் வயிற்றிலும் தொடையிலும் ஈடுகட்டத் தொடங்கும். ஏதோ ஓர் அளவில் பெரும்பாலோருக்கு இது வருகிறது, சிலருக்குப் பழைய துன்பத்தைவிடப் பெரிதாக வருகிறது, வெட்டிய நரம்பைத் திரும்பச் சேர்க்க முடியாது. வெப்பமும் ஈரமும் உள்ள ஊரில் ஈட்டு வேர்வை இன்னும் தொல்லை. மற்ற எல்லா வழியும் பார்த்து முடிந்து, இதை முழுக்கப் புரிந்துகொண்ட பெரியவர் மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டிய சிகிச்சை இது. கல்யாணத் தேதி நெருங்குகிறது என்ற அவசரத்தில் யாரையும் இதற்குள் தள்ளக் கூடாது.

வேர்வையோடு ஒட்டிவரும் படர்தாமரையையும் சொல்லாமல் விட முடியாது. தொடை இடுக்கிலும் இடுப்பிலும் ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். மெடிக்கல் கடையில் கேட்டால் ஸ்டீராய்டு கலந்த க்ரீமைக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும், பிறகு வழக்கமான மருந்துகளுக்கே அடங்காமல் போகும். நாடு முழுக்கத் தோல் மருத்துவர்கள் இந்தச் சிக்கலோடு சில ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். டியூபில் பீட்டாமெதசோன், குளோபீட்டசோல் என்று இருந்தால் படர்தாமரைக்குப் பூசாதீர்கள். பாதம் வேர்க்கிற பிள்ளைக்கு நைலான் சாக்ஸ் வேண்டாம், பருத்தியில் இரண்டு ஜோடி கொடுத்துவிட்டால் மதியம் மாற்றிக்கொள்வான். ஷூவை ஒருநாள் விட்டு ஒருநாள் வெயிலில் காயவைத்தால் நாற்றமும் உள்ளங்காலில் சிறு குழிகள் விழுவதும் குறையும்.

இந்தப் பக்கத்து மக்கள் மருத்துவத்துக்குப் பாலக்காட்டுக்கும் போகிறார்கள், கோவைக்கும் போகிறார்கள். மாவட்ட மருத்துவமனையின் தோல் பிரிவிலோ கோவை அரசு மருத்துவக் கல்லூரியிலோ காட்டலாம். எங்கே போனாலும், ஓர் ஊரில் எழுதிய சீட்டை மற்ற ஊரில் காட்டாமல் இருக்கும் பழக்கத்தை விட வேண்டும். சாப்பிடும் எல்லா மாத்திரையையும் கொண்டுபோங்கள். எந்த வயதில் தொடங்கியது, எங்கெங்கே வேர்க்கிறது, தூக்கத்தில் நிற்கிறதா, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் மொழி தடுமாறினாலும் டாக்டருக்கு விஷயம் புரியும். என்ன வேலை செய்கிறீர்கள், வெயிலில் எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள் என்று அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். மாத்திரையா, கரைசலா, தண்ணீர்த் தட்டா என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.